ஒரே நாளில் ஆக்கிய பத்துக் கறி

கிண்ணியாவில் இறங்கி நுஸ்ரத் வீடு எங்கே என்று கேட்டால், எந்த நுஸ்ரத் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். சமையல் நுஸ்ரத் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். போன வருசம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அதே ஆட்டோக்காரர் ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதை.

நுஸ்ரத்தின் முகத்தை அவள் போடுகிற சமையல் வீடியோக்களில் யாரும் கண்டதில்லை. இரண்டு கை, ஒரு சட்டி, ஒரு குரல், அவ்வளவுதான். கொரோனாக் காலத்தில் ஊரடங்கு போட்டு எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, தங்கை ஆதிலா பொழுதுபோகாமல் போனைப் பிடித்து எடுத்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டது அது. "இண்டைக்கு மீன்காரர் சூடை கொண்டுவந்தவர். நேத்தையான் அல்ல, கண்ணைப் பாருங்க, சிவக்கல்ல" என்று குரல் தொடங்கும். காலை பத்து மணிக்கு வீடியோ வரும். பார்த்த பெண்கள் அதே மீனை வாங்கி, அதே கறியை அன்று பகலுக்கே ஆக்கிவிடுவார்கள். உப்புக் கூடினால் கூடிப்போச்சு என்பாள். ஒருநாள் நண்டுக் கறி அடிப்பிடித்ததை அப்படியே போட்டு, "சட்டியத் தேய்க்கிறதுக்கும் ஒரு வீடியோ போடவா" என்று கேட்டாள். அதைத்தான் சனம் ஆயிரக்கணக்கில் பார்த்தது.

குவைத்திலும் ரியாத்திலும் வீட்டு வேலைக்குப் போன கிண்ணியாப் பெண்கள், மூதூர்ப் பெண்கள், நிலாவெளி ஹோட்டல் குசினியில் நிற்பவர்கள், எல்லாருக்கும் அவள் தாத்தா. இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, தெரியாதவர்கள் நரைத்த கிழவரைத் தேட வேண்டாம். "தாத்தா, இண்டைக்கு என்ன மீன்?" என்று குவைத்தில் இருந்து ஒருத்தி கேட்பாள். அங்கே அவளுக்கு அந்த மீன் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் ஊரில் இன்று என்ன மீன் பட்டது என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

வீட்டுக்காரர் றம்ஸான் மட்டும் ஒரு வீடியோவும் பார்த்ததில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து சாமான் இறக்கும் வேலை. விடிய பஸ் ஏறினால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வருவார். "கறியத் தின்னுறவனுக்கு என்னத்துக்கு வீடியோ" என்பது அவருடைய கதை. மூதூரில் பிறந்து, கலியாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து குடியேறிய மனிதர். கிழமைக்கு ஒருதரம் மூதூருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருவார். தாயிடம் தாயின் கறிதான் திறம் என்றும் மனைவியிடம் அவளுடைய கறிதான் திறம் என்றும் சொல்லி நல்ல பிள்ளைக்கு நடிப்பார்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் வெண்துளித் தேங்காய்ப்பால் மாக் கம்பனி வந்தது.

கம்பனியின் விளம்பர வேலையைக் கொழும்பில் ஒரு அலுவலகம் எடுத்துச் செய்தது. அங்கே வேலை பார்த்த ரஜீவன் திருகோணமலைப் பக்கத்துப் பாலையூற்றுப் பொடியன், அடக்கமான பேச்சு. அவனைக் கெட்டவன் என்று சொல்ல இந்தக் கதையில் இடமில்லை. "அக்கா, பெரிய பெரிய நடிகைகளைப் போட்டு விளம்பரம் எடுத்தாச்சு. சனம் நம்புதில்ல. உங்களைத்தான் நம்புது. நீங்க எப்படிக் கதைப்பீங்களோ அப்படியே கதையுங்க, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றான். சொன்னபோது மனதார நம்பித்தான் சொன்னான்.

நுஸ்ரத் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மூன்று பைக்கட்டு வாங்கி, சொதி, பாலாணம் என்று தேங்காய்ப்பால் விட்டு ஆக்குகிற கறியெல்லாம் ஒரு கிழமை சமைத்துப் பார்த்தாள். பிறகு ஆதிலாவின் போனில் அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கறிக்கு நல்லாத்தான் இருக்கு. மீன் பாலாணத்துக்கும் சரி. ஆனா சொதிக்குச் சரிவராது. திரியுது. அதையும் நான் சொல்லுவன்."

"அக்கா, சொதியைப் பற்றி ஒண்டும் சொல்லாம விட்டா என்ன? பொய் சொல்லச் சொல்லேல்ல, சொல்லாம விடத்தானே சொல்லுறன்."

விட்டாள். அங்கேதான் முதல் நூல் பிரிந்தது. சொதிக்கு இது உதவாது, ஆனால் பாலாணத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அவள் சொல்லியிருந்தால், கிண்ணியாவில் அந்த மா ஒரு கடையிலும் மிஞ்சியிருக்காது. நுஸ்ரத் ஒன்றைக் குறை சொன்னால்தான் மற்றதை நல்லது என்று அவள் சொல்வதைப் பெண்கள் நம்புவார்கள். நாலு வருசமாக அவளுடைய கடை அப்படித்தான் ஓடியது. காசு கொடுத்து அவளை வாங்க வந்தவர்களுக்கு, எதை வாங்குகிறோம் என்றே தெரியவில்லை.

அவள் ஏன் விட்டுக்கொடுத்தாள் என்று கேட்டால், காரணம் மகள். நிப்லாவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. இந்த ஊரில் பெண்பிள்ளை பெற்றவர்கள் அவளுக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். துறைமுகத்துச் சம்பளத்தில் வீட்டுக்கு அத்திவாரம் போடுவதென்றால் றம்ஸானின் முதுகு இன்னும் பத்து வருசம் தாங்க வேண்டும். அவர் இப்போதே படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவர். கையெழுத்துப் போட்டாள்.

ஒப்பந்தத்தில் பத்து வீடியோ. இரண்டு கிழமைக்கு ஒன்று. கொழும்பில் இருந்து கமராக்காரர்கள் திரும்பத் திரும்ப வர ஏலாது, ஆகவே பத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடுவோம் என்றார்கள். ஒரே நாளில் பத்துக் கறி. விடிய சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தொடங்கியது. ஒரு கறிக்கு ஒரு சட்டைக் கை, ஒரு சோடி வளையல். சட்டி அடுப்பில் வைத்து இறக்கும் முன்பே அடுத்தது. ஆவி வராத கறிக்குப் பின்னால் தண்ணி கொதிக்கிற கேத்தலை வைத்து ஆவி காட்டினார்கள். பளபளப்பு வேண்டும் என்று கறிக்கு மேல் காய்ச்சாத பச்சை எண்ணெய் ஊற்றினார்கள். அன்று ஆக்கியதில் ஒரு வாய்கூட ஒருவரும் சாப்பிடவில்லை. அவ்வளவு மீனும் கொல்லைக்குப் போனது. 

குரல் கொடுக்கும்போது அவள் ஒருதரம் மறித்தாள். "தம்பி, இண்டைக்கு எண்டு சொல்லாம விடுவமே. இது எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாதே."

"அக்கா, அந்த 'இண்டைக்கு' தானே உங்கட உயிர். அது இல்லாட்டி விளம்பரம் மாதிரி இருக்கும்."

விளம்பரம் விளம்பரம் மாதிரி இருந்தால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்க அந்த அறையில் ஆளில்லை. அவள் பத்துத் தரமும் இண்டைக்கு என்றாள். ஆறாவது கறி திரளி மீன் பாலாணம். "வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லுங்க அக்கா, கேக்கிறவைக்கு நல்லா இருக்கும்" என்றான் ரஜீவன். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இண்டைக்கு விடியவே அவர் திரளி மீன் வாங்கித் தந்தவர். மாமி ஆக்கிற மாதிரியே ஆக்கினன். வந்து ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்."

வீடியோ போடுவதையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பக்கத்தின் கடவுச்சொல்லையும் அலுவலகம் வாங்கிக்கொண்டது. இரண்டு கிழமைக்கு ஒன்றாக ஐந்து வந்தது. நல்ல பேர். நிப்லாவின் வீட்டுக்கு அத்திவாரக் கல் இறங்கியது.

ஐந்தாவது வந்து மூன்றாம் நாள், வேலையால் திரும்பிய பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது றம்ஸான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மௌத்தாகிவிட்டார். வயது நாற்பத்திரண்டு. மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன் அடக்கினார்கள்.

நுஸ்ரத் இத்தாவுக்குள் போனாள். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளைச் சீலை. வளையல் இல்லை, மருதாணி இல்லை, வாசம் இல்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அதை அவள் கடமைக்காக இருக்கவில்லை. வெளியே போக அவளுக்கு மனமே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு மணி ஆனால் மட்டும் எழுந்து குசினி வாசல் வரை போய், பிறகு ஞாபகம் வந்து திரும்புவாள்.

ஆதிலா மூன்றாம் நாளே ரஜீவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவன் அனுதாபம் எழுதினான். மிச்ச வீடியோக்களை நிற்பாட்டச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதினான். சொல்லியும் இருந்தான். அதைக் கேட்ட அலுவலகத்து ஆள் கம்பனியின் பக்கத்தில் நிற்பாட்டினார். நுஸ்ரத்தின் பக்கத்தில் முன்கூட்டியே நாள் குறித்துப் போட்டிருந்ததை மறந்துவிட்டு லீவில் போனார். ஒருவரின் மறதி, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் மௌத்தானவருக்காகக் கத்தம் ஓதி நாலு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, கிண்ணியா முழுக்க அந்தக் குரலைக் கேட்டது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். சிரிப்பு. "இண்டைக்கு விடியவே அவர் திரளி மீன் வாங்கித் தந்தவர்."

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். பகலுக்குள் வீடியோவுக்குக் கீழே எழுத்துகள் குவிந்துவிட்டன. இத்தாவில் இருக்கிறவளுக்கு வளையல் கேட்குதா. மண் காயமுன் காசு தேடுறா. மௌத்தான மனிசனை வச்சு மா விக்கிறா. வியாழக்கிழமை அவருக்காக யாசீன் ஓத வருகிற பெண்கள் அந்த வியாழன் வரவில்லை. நிப்லா பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பு மாற்றாமல், ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள். பிள்ளையிடம் யார் என்ன கேட்டார்களோ.

பின்னேரம் மூதூரில் இருந்து றம்ஸானின் தம்பி றுவைஸ் வந்தார். உள்ளே வர முடியாது. முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நுஸ்ரத், நடுவில் ஆதிலா.

"மதினி, நான் சண்டைக்கு வரல்ல. அது இப்ப எடுத்ததா, முந்தி எடுத்ததா?"

"முந்தி எடுத்தது தம்பி. அவர் இருக்கக்குள்ள. பத்தும் ஒரே நாளில எடுத்தது."

"அப்ப அதைச் சொல்லுங்களன். ஊரில எத்தின பேர்ட வாய நான் மூடுற?"

அவர் சொன்னது சின்ன விசயம். ஆனால் நுஸ்ரத்துக்கு அது சின்னதில்லை. முந்தி எடுத்தது என்று சொன்னால் இத்தாவின் பழி போய்விடும். ஆனால் இண்டைக்கு என்று சொன்னாயே, அது பொய்யா என்று கேட்பார்கள். அந்தத் திரளி எந்தத் திரளி, அவர் சாப்பிட்டது எந்தச் சாப்பாடு என்று கேட்பார்கள். விதவை என்ற பெயரைக் காப்பாற்ற, பொய்காரி என்ற பெயரை அவளே தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு வருசம் உப்புக் கூடினதைக்கூட மறைக்காமல் சேர்த்த பெயர். மகளுக்கு அவள் வைத்துவிட்டுப் போகக்கூடியதென்று அந்தப் பெயரும் பாதி அத்திவாரமும்தான் இருந்தன.

ரஜீவனைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, எங்கட பிழைதான். தயவுசெய்து மன்னியுங்கோ. வீடியோவை எடுக்கச் சொல்லுறன்."

"எடுத்தா மட்டும் காணாது தம்பி. எல்லாத்தையும் அழிக்க வேணும். உங்கட கொம்பியூட்டரிலயும் இருக்கப்படாது. பத்தும். முந்தியே எடுத்தது எண்டும் நான் சனத்துக்குச் சொல்லப்போறன்."

"அதை மட்டும் சொல்லாதீங்கோ அக்கா. ஒப்பந்தத்தில இருக்கு. கம்பனிக்குப் பேர் கெட்டிடும். நான் ஒண்டு சொல்லட்டா? நீங்க உங்கட துக்கத்தைப் பற்றி ரெண்டு நிமிசம் கதையுங்கோ. முகம் வேணாம், அந்த வெள்ளைச் சீலைக் கை மட்டும் தெரிஞ்சாக் காணும். சனம் விளங்கிக்கொள்ளும். அதைவிட உண்மை என்ன இருக்கு?"

நுஸ்ரத் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பொடியனை ஏசக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. ஒரு மனுசியின் உண்மை என்பது கேட்ட நேரத்துக்கு ஊற்றி எடுக்கிற எண்ணெய் என்று யாரோ அவனுக்குப் படிப்பித்துவிட்டார்கள்.

நாலு நாள் அவள் போனில் கெஞ்சினாள். ஆதிலாவைக்கொண்டு கெஞ்சினாள். ஐந்தாம் நாள் அழித்துவிட்டதாக எழுத்தில் தந்து, பக்கத்தின் கடவுச்சொல்லையும் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று பக்கத்தில் போடுவதற்கு அவள் சொல்லச் சொல்ல ஆதிலா எழுதினாள்.

"பத்தும் ஒரே நாளில எடுத்தது. வளையலை மாத்தி மாத்திப் போட்டது. ஆவி கேத்தல் ஆவி. அந்தக் கறிய ஒருத்தரும் சாப்பிடல்ல. நான் இண்டைக்கு எண்டு சொன்னது பொய். அந்த மா சொதிக்குச் சரிவராது, அதையும் சொல்லாம விட்டது பிழை. இத்தாவில நான் ஒண்டும் எடுக்கல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"தாத்தா, சொதியும் வேணுமா?" என்று ஆதிலா கேட்டாள்.

"அதுதான் முதல் பொய். எழுது."

கம்பனி ஒப்பந்தத்தை முறித்தது. அத்திவாரம் அந்த மட்டத்திலேயே நின்றது. பழிச்சொல் நின்றதா என்றால், நின்றது. யாசீன் ஓதப் பெண்கள் திரும்பவும் வந்தார்கள். ஆனால் குவைத்தில் இருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: "தாத்தா, நான் உங்கட இண்டைக்கு எண்ட சொல்லக் கேட்டுத்தான் இங்க ஒவ்வொரு நாளையும் போக்கினனான். மத்த நாலு வருசமும் எந்த நாள் எடுத்தது?" நுஸ்ரத் அதற்குப் பதில் எழுத நினைத்தாள். அதெல்லாம் அந்தந்த நாளில் எடுத்ததுதான், சத்தியமாக அந்தந்த நாளில் எடுத்ததுதான். எழுதி என்ன, இனி அவளே சொன்னால் யார் நம்புவார்கள். ஏழாயிரம் பேர் ஒரே கிழமையில் பக்கத்தை விட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மாமி வந்தார். றம்ஸானின் தாய் ரபீக்கா. முழங்கால் வருத்தக்காரி, மூதூரில் இருந்து தனியே பஸ் ஏறி வந்திருந்தார். கத்தத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். ஆதிலா தேத்தண்ணி ஊற்றப் போகிற சாட்டில் குசினிக்குள் மறைந்தாள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி வரும் என்று நுஸ்ரத் தலையைக் குனிந்துகொண்டு பாயில் இருந்தாள்.

மாமி கதிரையில் இருக்கவில்லை. கஷ்டப்பட்டுக் காலை மடக்கிப் பாயிலேயே அவள் பக்கத்தில் இருந்தார். நெடுநேரம் அவளுடைய வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ எழுதினத றுவைஸ் வாசிச்சுக் காட்டினான் புள்ள."

"பிழை நடந்து போச்சு மாமி."

"அதுக்கில்ல." மாமி பிடித்த கையை விடவில்லை. "அந்தத் திரளிப் பாலாணம். ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார் எண்டு சொன்னியே. அவன் அதச் சாப்பிடல்லையா?"

சாப்பிட்டார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிரில் இருப்பது கமரா அல்ல, பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அந்தப் பொய்யை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். நுஸ்ரத் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இல்ல மாமி. அண்டைக்கு அவருக்கு நான் சோறே ஆக்கல்ல. வேலையால வந்து கடையில பாண் வாங்கித் தின்னவர்."

மாமி தலையை ஆட்டினார். கோபம் இல்லை.

"அந்த வீடியோ வந்த நாளில இருந்து நான் அதத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். ஊர் உன்ன ஏசக்குள்ள நானும் ஏசிப்போட்டு, போய்க் கதவச் சாத்திக்கொண்டு பாப்பன். நாலு நாள். ஒரு நாளைக்கு எத்தின தரம் எண்டு தெரியா. பிறகு அதக் காணல்ல. றுவைஸிட்டக் கேட்டன், எடுத்துப்போட்டாங்க எண்டான். அதத் திருப்பிப் போட ஏலாதா புள்ள?"

"அது பொய் மாமி."

"தெரியும். அதில அவன் மௌத்தாகல்லையே."

நுஸ்ரத் மாமியின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். இத்தா தொடங்கி அப்படி அவள் அழுததில்லை. அந்த வீடியோ இனி எங்கும் இல்லை. ஒரு துண்டுகூட மிஞ்சாமல் அழிக்கச் சொல்லி நாலு நாள் கெஞ்சியவளும் அவள்தான்.